ஏழாம் லைனுக்கு ஒரு முழு நாள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் மாமாவும் அம்மாவும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

"போன்ல உன் வாயில 'ம்'மைத் தவிர ஒண்ணும் வர்றதில்லை. எழுதித் தொலை" என்று பஸ் ஏற்றும்போது சொன்னாய். எழுதுகிறேன்.

விடுதி அறையில் மூன்று கட்டில்கள். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். அலுவலகம் நான்காம் மாடியில் இருக்கிறது. மின்வாரியத் தலைமை அலுவலகத்திலேயே லிப்ட் ஓடவில்லை, படியேறித்தான் போகிறோம். எந்த லைனுக்கு எப்போது மின்சாரம், எப்போது நிறுத்தம் என்று பட்டியல் போடுவது எங்கள் பிரிவு. நிலக்கரி பாதிதான் வந்து சேர்கிறது. அணையிலும் தண்ணீர் இல்லை. இருப்பதைப் பங்கிட வேண்டும். பிரிவுத் தலைவருக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் அடிக்கோல் சார். எந்தக் காகிதம் போனாலும் ஸ்கேலை வைத்துக் கோடு போடாமல் விடமாட்டார்.

போன வாரம் பிரிவில் ஒரு புது யோசனை ஏற்கப்பட்டது. இதுவரை ஒரு லைனை நிறுத்தினால் பாதி நாள் நிறுத்திவிடுவார்கள் அல்லவா? இனி இரண்டு மணி நேரம் மின்சாரம், இரண்டு மணி நேரம் நிறுத்தம். யார் வீடும் இரண்டு மணிக்கு மேல் இருட்டில் கிடக்காது. அம்மா மாதிரி இருட்டில் படியேறத் தடுமாறுகிறவர்களுக்கு நிம்மதி. யோசனை சொன்ன பெண்ணை அடிக்கோல் சார் எழுந்து நின்று பாராட்டினார்.

மாமாவுக்கு என் வணக்கம். அம்மாவிடம் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உன் தங்கை


மார்ச் 19

என் ஊமைக்கோட்டானுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அம்மா முழங்காலோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். மாமா விசாரித்தார். "நம்ம பட்டதாரி லீவுக்கு எப்ப வர்றா?" என்கிறார்.

உன் ஆபீஸ் பட்டியல் எங்கள் ஏழாம் லைனுக்கு வந்து சேர்ந்தது. வந்த மறுநாளே எங்கள் வார்ப்புப் பட்டறையில் என்ன நடந்தது என்று கேள்.

காலை எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. உலை மின்சாரத்தில் ஓடுவது, அதை மெல்லத்தான் சூடேற்ற முடியும். ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து இரும்பு அப்போதுதான் வெண்ணெய் மாதிரி சரிய ஆரம்பித்தது. பத்து மணி, டப்பென்று நின்றது. உலையைச் சுற்றித் தண்ணீர் ஓடும் செம்புச் சுருள் இருக்கிறது. பம்பு நின்றால் அது வெந்துபோகும். நாங்கள் மணலில் அச்சுப் பிடிக்கிற ஒன்பது பெண்களும் கையைக்கூடக் கழுவவில்லை. வாளி வாளியாக இரும்பு ஏணியில் ஏறி மேல்தொட்டியை நிரப்பி, தண்ணீரைச் சுருளுக்கு இறங்க விட்டோம். சுருள் பிழைத்தது. உள்ளே இரும்பு உறைந்து அரை டன் கட்டியாக உட்கார்ந்துவிட்டது. நாலு நாள் சம்மட்டியும் உளியும் வைத்து, உலையின் உள்சுவரோடு சேர்த்து உடைத்தெடுத்தார்கள்.

உலைக்கார அண்ணன் சொன்னார்: "இந்தப் பட்டியலைப் போட்ட மகராசன் குளிக்கும்போது ரெண்டு நிமிஷம் தண்ணி, ரெண்டு நிமிஷம் நிறுத்தம்னு விடணும். சோப்பு கண்ணுல எரியும்போது நிக்கணும்." பட்டறையே சிரித்தது. நான் மகராசன் கையில் கட்டி வரட்டும் என்று கூடுதலாக ஒன்று சேர்த்தேன்.

உன் ஆபீசில் வாயைத் திறந்து இதைச் சொல்.

இப்படிக்கு, தோள்பட்டை கழன்றுபோன உன் அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் விரும்புகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். ஆண்டு முடிவு வேலை.

உன் தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நிலைமை எல்லா ஊருக்கும் இப்படித்தான் இருக்கிறது. பற்றாக்குறையைச் சமமாகப் பகிர்வதே வாரியத்தின் கொள்கை. முன்பும் ஏழாம் லைனுக்கு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான். இப்போதும் பன்னிரண்டுதான். ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. பட்டறையில் வேலை நேரத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தால் சரியாகலாம்.

மாமாவையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

தங்கை


ஏப்ரல் 16

தங்கச்சிக்கு,

நலம். அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள்.

வந்தது கடிதமா, சர்க்குலரா? அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இது யாரு எழுதினது?" என்று கேட்டாள்.

பன்னிரண்டு மணி குறையவில்லையாம்! ஒரு சட்டையை ஆறு துண்டாக வெட்டிக் கொடுத்துவிட்டு, துணி குறையவில்லையே என்கிறாய். போட்டுக்கொள்ள முடியுமா அதை? எங்களுக்கு ஒரு உலை இரும்பை உருக்கி வார்க்க, முதல் உருக்குக்கே நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல வேண்டும். ஒருமுறை சூடேறிவிட்டால் அதே சூட்டில் அடுத்தடுத்து நாலு உருக்கு எடுக்கலாம். துண்டு துண்டாகக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் உலையைச் சூடுபண்ணியே கரண்ட் தீர்ந்துவிடுகிறது. பற்றாக்குறைக் காலத்தில் வாரியம் எங்களைச் சும்மா சூடுபண்ண வைத்திருக்கிறது.

இங்கே உலை நின்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாததா? நாங்கள் வார்க்கிற பம்பு உடம்புதான் எதிர்ச் சாரியில் லேத்துக்குப் போகிறது. லேத்தில் கடைந்ததுதான் பம்பு பூட்டுகிற கம்பெனிக்குப் போகிறது. லேத்துப் பட்டறையில் மூன்று இயந்திரத்துக்கு உறை போட்டு மூடிவிட்டார்கள். பம்புக் கம்பெனியில் ஆட்களை வாரத்துக்கு மூன்று நாள் வரச் சொல்கிறார்கள். மதியம் எங்கள் தெருவில் சைக்கிள் மணிச் சத்தமே இல்லை.

முதலாளி நேற்று எங்களை நிற்க வைத்துப் பேசினார். ஜூன் முப்பது வரை பார்ப்பாராம். அதற்குள் உலை ஓட வழி பிறக்காவிட்டால் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுவாராம். "இரும்பு உருக்குற உலையே பழைய இரும்பாப் போகுதே" என்றார் உலைக்கார அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. நாற்பத்தோரு பேர், தங்கச்சி.

நான் மூட விடப்போவதில்லை. எப்படி என்று கேட்காதே. அது இன்னும் தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

நான் சுகம் என்று எழுதினால் பொய். நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்த யோசனை என்னுடையது. எழுந்து நின்று பாராட்டினாரே, அந்தப் பெண் நான்தான். அம்மாவை நினைத்துத்தான் சொன்னேன். நீ வேலை செய்கிற பட்டறை அதே லைனில் இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். உன் மணல் அச்சு எனக்குத் தெரியும், உலையைச் சிறுவயதிலிருந்து வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் கட்டம் போட்ட காகிதத்தைக் கையில் எடுத்ததும் வீடுகள் மட்டும்தான் நினைவில் வந்தன. மணி நேரத்தைக் கூட்டினேன், சரியாக வந்தது. சரியாக வந்ததால் நியாயமாகவும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் செய்த முதல் வேலை இது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உன் போன கடிதத்தில் மாமா விசாரித்தார் என்ற வரி இல்லை. லேத்தில் மூடிய மூன்று இயந்திரங்களில் மாமாவுடையதும் ஒன்றா?

தங்கை


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் கால் எப்படி இருக்கிறது? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. போன் செய்தேன். அம்மாதான் எடுத்தாள். "அவ வேலையா இருக்கா" என்றாள். பின்னால் நீ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. உலை ஓட, லேத்து ஓட, ஏழாம் லைனுக்கு என்ன வேண்டும்? எத்தனை மணி என்று மட்டும் எழுதாதே. எப்போது தொடங்கி எப்போது வரை, வாரத்தில் எத்தனை நாள் என்று எழுது. நான் போட்ட பட்டியலை நானே மாற்றப் பார்க்கிறேன்.

தங்கை


மே 25

கோட்டானுக்கு,

இங்கே நலம். அம்மா நடக்கிறாள்.

ஒரு மாதமாக யார் கையில் கட்டி வரட்டும் என்று சபித்தேனோ அந்தக் கைக்கு நான்தான் என் எட்டு வயதில் எழுதப் பழக்கினேன். கட்டி ஏதும் வரவில்லையே? கோபம் தீர மூன்று வாரம் ஆனது. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, நேரில் பார்க்கும்போது தருகிறேன். செய்ததைச் சொன்னாய் பார், அது போதும்.

மாமா ஏப்ரல் பத்தாம் தேதியே வேலை தேடி வெளியூர் போய்விட்டார். ஒரு கிடங்கில் மூட்டை எண்ணுகிறார். பதினெட்டு வருஷம் லேத்துப் பிடித்த கை. இதை உனக்கு எழுத வேண்டாம் என்று அவரிடம் சொன்னது நான்தான்.

உன் கேள்வியைப் பட்டறையில் வைத்தேன். ஆளுக்கொன்று கத்தினார்கள். உலைக்கார அண்ணன்தான் கடைசியில் தரையில் சாக்குக்கட்டியால் எழுதினார்: "முழுசாக் குடுக்கச் சொல்லு. குறைச்சுக்கூடக் குடுக்கட்டும்."

கணக்கு இதுதான். செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை நிற்கவே கூடாது, பிறகு இரவில் மூன்று மணி நேரம். மற்ற ஐந்து நாளும் காலையில் இரண்டு மணி நேரம், மாலை ஆறிலிருந்து ஏழு மணி நேரம், அவ்வளவுதான். இப்போது வாரத்துக்கு எண்பத்து நாலு மணி வருகிறது. நாங்கள் கேட்பது எழுபத்தைந்து. மீதி ஒன்பதை யாருக்காவது கொடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐந்து நாளும் பகலெல்லாம் கரண்ட் இல்லாமல் கிடக்கப்போவது லைனில் உள்ள வீடுகளும்தான். அதனால் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறேன். இருநூற்றுப் பதினாறு வீட்டில் இருநூற்றுப் பதினைந்து முடிந்தது. பால்கடைக்கார அம்மா மட்டும் போடவில்லை. "உன் உலைக்கு முழு நாள் வேணும், என் பிரிட்ஜுக்கு வேண்டாமா? பாலு கெட்டா நீ வந்து குடிப்பியா?" என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை. அதுதான் தொல்லை.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மனுவும் கையெழுத்துகளும் வந்து சேர்ந்தன. உன் கையெழுத்து முதலில் இருக்கிறது, எழுத்து முன்பைவிடப் பெரிதாகிவிட்டது.

மனுவோடு எங்கள் பிரிவின் படிவத்தை வைக்க வேண்டும். அதில் 'கூடுதல் நேரம் கோருதல்' என்று ஒரு கட்டம்தான் உண்டு. அடிக்கோல் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "குறைச்சலாக் கேக்கறதுக்குப் படிவமே இல்லையேம்மா!" அவருடைய ஸ்கேலையே வாங்கி ஒரு புதுக் கட்டம் போட்டு, 'குறைந்த நேரம், தொடர்ச்சியாகக் கோருதல்' என்று எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மாற்றுப் பட்டியலையும் நானே தயாரித்தேன். அடியில் 'தயாரித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டதும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "நீ இன்னும் தகுதிகாண் பருவத்துல இருக்கே. நம்ம பட்டியலுக்கு எதிரா நம்ம ஆளே கையெழுத்துப் போடறதா? எடுத்துடு. நான் பார்க்காத மாதிரி இருந்துக்கறேன்."

கெட்டவர் இல்லை அக்கா. என் நல்லதுக்குத்தான் சொன்னார். எடுக்கவில்லை.

பதினேழாம் தேதி விசாரணை. தலைமைப் பொறியாளர் கேட்பார். லைனிலிருந்து இரண்டு பேர் வரலாம்.

தங்கை


ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவை விட்டு வரமுடியாது என்று நீ நின்றுகொண்டு, உலைக்கார அண்ணனோடு பால்கடைக்கார அம்மாவை அனுப்பி வைத்தாயே, உனக்கு என்ன துணிச்சல்! கையெழுத்துப் போடாத ஒருவரை யாராவது விசாரணைக்கு அனுப்புவார்களா? அவர் வாசலில் வந்து நின்றதும் கையெழுத்துத் தாளை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன்.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். நீள மேசை. அண்ணன் கோணிப்பையிலிருந்து உறைந்த இரும்புத் துண்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். தண்ணீர் டம்ளர்கள் குலுங்கின. "இதுதான்யா உங்க ரெண்டு மணி நேரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

தலைமைப் பொறியாளர் பால்கடைக்கார அம்மாவைப் பார்த்து, "நீங்க கையெழுத்துப் போடலையே?" என்றார்.

"போடலை. போடவும் மாட்டேன். அஞ்சு நாள் பகல்ல கரண்ட் இல்லாட்டி என் பால் திரிஞ்சுதான் போகும். எழுதிக்குங்க."

அடிக்கோல் சார் எழுதி, அடியில் கோடும் போட்டார்.

"கோடு போட்டுட்டீங்களா? இன்னும் முடிக்கலை. இப்ப என் பிரிட்ஜு ஓடுது, பாலு நல்லா இருக்கு, வாங்க ஆளில்லை. பட்டறைக்காரங்க வாங்கின பாலு சார் அது. உலையை வித்துட்டா கெட்டுப்போறதுக்குக்கூட என் கடையில பாலு இருக்காது. இதுக்கும் கோடு போடுங்க."

அப்புறம் அடிக்கோல் சார் எழுந்தார். மாற்றுப் பட்டியல் பிரிவின் கருத்தல்ல, பிரதி எடுப்பதில் ஏற்பட்ட பிழை, அந்தப் பெண்ணே ஒப்புக்கொள்வார் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வழிவிட்டுக் கொடுத்தார். 'ம்' என்று ஒரு எழுத்துச் சொன்னால் போதும். என் வாழ்நாளில் அதுதான் எனக்கு மிகவும் சுலபமான எழுத்து.

"பிழை பிரதியில இல்லை சார். முதல் பட்டியல்ல இருக்கு. அதைப் போட்டது நான்" என்றேன்.

"ஒரு லைனுக்கு முழு நாள் குடுத்தா எல்லா லைனும் கேட்குமே?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"கேட்கட்டும் சார்."

சொன்னது நான்தானா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

ஜூன் இருபத்து நாலு முதல் ஏழாம் லைனுக்கு நாலு வாரச் சோதனை. ஆணையை இணைத்திருக்கிறேன். முதலாளியிடம் காட்டு.

தங்கை


ஜூலை 1

என் வாயாடிக்கு (இனிமேல் இதுதான் பெயர்),

எல்லோரும் நலம். நேற்று முப்பதாம் தேதி போய்விட்டது. உலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

முதல் செவ்வாய் காலை ஐந்தரைக்கே நாற்பத்தோரு பேரும் வந்துவிட்டோம். ஆறு மணிக்கு வந்தது. எட்டு மணி ஆனதும் எல்லோரும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். எட்டு, எட்டேகால். நிற்கவில்லை. பத்தேமுக்காலுக்கு முதல் உருக்கு. கரண்டியில் இரும்பு வழிந்தபோது உலைக்கார அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சூடாம். மாலைக்குள் நாலு உருக்கு. பம்பு உடம்பு வண்டியில் எதிர்ச் சாரிக்குப் போயிற்று. லேத்தில் இரண்டு இயந்திரத்தின் உறையை எடுத்திருக்கிறார்கள். மூன்றாவது மாமாவுடையது. தகவல் சொல்லி அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.

புதன்கிழமை பால்கடைக்கார அம்மாவுக்கு ஒரு கேன் பால் திரிந்தது. பட்டறை வாசலில் கொண்டுவந்து வைத்து, மதியம் வரை எங்களைத் திட்டிவிட்டுப் போனாள். நாங்கள் நின்று கேட்டுக்கொண்டோம். பகல் வேளைக்கு ஐஸ் கிடைக்க வழி தேடுகிறோம்.

உன்னை அங்கே என்ன செய்தார்கள்? அதை மட்டும் நீ எழுதவே இல்லை. மறைக்காதே. நம் வீட்டில் மறைத்தது போதும்.

அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், இந்த முறை நிஜமாகவே. உங்கள் சுகத்தையும் எழுது. மாமாவிடமிருந்து பதில் வந்ததா?

தகுதிகாண் பருவத்தை ஆறு மாதம் நீட்டிவிட்டார்கள். பட்டியல் பிரிவிலிருந்து எடுத்துத் தரைத்தளத்தில் புகார் மேசையில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுவதும் கத்துகிறவர்கள் வருகிற இடம். பேசத் தெரியாத பெண், பத்து நாளில் தானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

முதல் இரண்டு நாள் அழுகை வந்தது. மூன்றாம் நாள் ரொட்டி அடுப்பு வைத்திருக்கிறவர் ஒருவர் வந்து, "கரண்ட் பத்தலைம்மா, பத்தலை" என்று மேசையைத் தட்டினார். "உக்காருங்க. உங்க அடுப்புக்கு எத்தனை மணி நேரம் சேர்ந்தாப்ல வேணும்?" என்று கேட்டேன். தட்டுவதை நிறுத்திவிட்டார். இத்தனை மாதத்தில் யாரும் அவரை அதைக் கேட்டதில்லையாம். பக்கத்து வீடுகளில் பேசிவிட்டு வாருங்கள், ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் அவர் சொல்வதையும் எழுதி வாருங்கள் என்று அனுப்பினேன். அவரைத் தொடர்ந்து அச்சகக்காரர், பிறகு குளிர்கிடங்கு வைத்திருக்கும் அம்மா. இன்றோடு பதினோரு லைன்கள் முழு நாள் கேட்டு மனுக் கொடுத்திருக்கின்றன. எல்லாம் நான் போட்ட கட்டத்தில்தான். அதை இப்போது அச்சடித்தே வைத்துவிட்டார்கள்.

இன்று மதியம் அடிக்கோல் சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மேசைமேல் இருந்த மனுக் கட்டைப் புரட்டினார்.

"இன்னிக்கு மட்டும் எத்தனை?"

"மூணு சார்."

"மேல என்னைப் பிடிச்சுக் கேக்கறாங்கம்மா. போதும், நிறுத்திக்க."

"வரிசையில ஏழு பேர் நிக்கறாங்க சார்" என்றேன். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவங்களுக்கு மறைக்குது."

அவர் தள்ளி நின்றார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

தங்கை